காதர் அண்ணனும் என் கைக் குமிழும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதர் அண்ணனின் இசைத்தட்டு விவகாரத்தில் நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை, இனியும் கேட்பதாக இல்லை. (இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு பெருநாளுக்கும் கேட்டுப் பார்ப்பார்கள்.)

அறுபதுகளில் கொடைக்கானல் பஜாரில் என் வீட்டுக்காரர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். சீமைக்குத் திரும்பிய ஒரு பாதிரியாரிடமிருந்து டேப் ரெக்கார்டர் ஒன்று வாங்கினார். இரண்டு மைக்கின் சத்தத்தையும் அது தனித்தனியாகப் பிடிக்கும். பிறகு மைக்குக்கு ஒரு குமிழாகத் திருகி, கூட்டிக் குறைத்து, இன்னொரு டேப்பில் ஒன்றாகச் சேர்க்கலாம். அவருக்கு ஈயம் பற்றவைக்க வரும், பாட்டு வராது. அதனால் குமிழ் என் கைக்கு வந்தது. வந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. முக்காட்டுக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உலை கொதித்தால்கூட 'இரைச்சல் ஜாஸ்தி' என்று குறை சொன்னேன்.

காதர் அண்ணன் என் நாத்தனார் புருஷன். ஆயக்குடியில் கொய்யா வியாபாரம், மனசு முழுக்கப் பாட்டு. சீசனில் எங்கள் ஊரில் கச்சேரி செய்தார். என் தம்பி ஜப்பார் ஆர்மோனியம் வாசித்தான். அண்ணனுக்கு ஒரு மைக், ஜப்பாருக்கு ஒரு மைக் வைத்து நாங்கள் பதிவு செய்தோம். சீசனுக்கு வந்திருந்த மெட்ராஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர், "தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம். அதுக்குள்ள அடங்குற மாதிரி ஒரு டேப் குடுங்க, கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அண்ணன் என்னிடம் வந்தார். "தங்கச்சி, கொய்யாக் கூடையிலிருந்து நான் தப்பிக்கிறது ஒன் கையிலதான் கெடக்கு. ரேடியோ ஸ்டேஷனுக்கு முழுப் பாட்டையும் குடு. தட்டுக்கு வெரசா முடியிற மாதிரி குடு. ஆனா நான் மேல போற எடம் இருக்கணும்."

அந்த மேலே போகிற இடம்தான் வினை. கீழே பாடினால் அண்ணன் குரல் தேன். மேலே ஏறினாலோ சுருதி ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். கச்சேரியில் கைதட்டல் அதை மூடிவிட்டது. ரேடியோவுக்கான டேப்பில் நீளப் பாட்டு அதை விழுங்கிவிட்டது. (அந்த டேப்பைப் பற்றி இன்றுவரை யாரும் குறை சொன்னதில்லை.) மூன்று நிமிஷத் தட்டில் எங்கே ஒளிப்பது? போதாக்குறைக்கு, அவ்வளவு சத்தத்துக்குத் தட்டில் ஊசி துள்ளும். அதனால் அவர் மேலே போனபோதெல்லாம் அவர் குமிழைக் குறைத்து ஆர்மோனியத்தைக் கூட்டினேன். போட்டுக் கேட்டபோது எனக்கே என்மேல் பொறாமை வந்தது.

கம்பெனிக்காரர் கடைக்கு வந்தார். அண்ணன் புதுச்சட்டையில் நின்றார். அவர் மனைவி, என் மதினி, துஆ ஓதிக்கொண்டிருந்தார். டேப் முடிந்ததும் கம்பெனிக்காரர் கண்ணைத் திறந்தார்.

"பிரமாதம். ஆர்மோனியம் யாருங்க?"

ஜப்பார் பயந்துகொண்டே கையைத் தூக்கினான்.

"தம்பி வாசிப்பையே தட்டாப் போட்டுரலாம். நடுநடுவுல ஒருத்தர் பாடுறாரே, அவர் வேண்டாம்."

அண்ணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மதினிதான் பேசினார். "ஏலே ஜப்பாரு, அக்காளும் தம்பியும் பேசி வச்சுத்தான் செஞ்சீகளா?"

"ஊசி துள்ளும் மதினி" என்றேன்.

"ஒன் நாக்குதான் துள்ளுது."

ஜப்பாரின் தட்டு வெளிவந்தது. அண்ணன் கொய்யாவுக்கே திரும்பினார். ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் வலிக்கத்தான் செய்தது. ஆனால் காதுக்குத் தெரிந்ததைத்தானே கை செய்தது? அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது குரலை உயர்த்தினால், "அவளக் கூப்புடு, குமிழத் திருகட்டும்" என்பார்கள்.

இப்போது அண்ணனுக்குக் காது மெஷின். அதில் சின்னதாய் ஒரு குமிழ். நான் வாயைத் திறந்தாலே அவர் விரல் காதுக்குப் போகும். "இப்ப குமிழு என் கையில தங்கச்சி" என்பார். வீடே சிரிக்கும்.

சிரிக்கட்டும். போன பெருநாளுக்கு அவர் மகள் பழைய கச்சேரி டேப்பைத் தேடியெடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, தன் அத்தாவின் குரல் மட்டும் கேட்கும்படி போட்டாள். ஆர்மோனியம் இல்லை, கைதட்டல் இல்லை. அண்ணன் பெருமையாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மேலே போகிற இடம் வந்தது. அவர் விரல் தானாகக் காதுக்குப் போய்க் குமிழைத் திருகிக் குறைத்தது.

நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.