ஒரே ஒரு வாசகனுக்காக எழுதிய பொறவு அண்ணன்

இணையத்தில் கட்டுரை எழுதி, படிப்பவனைக் கடைசி வரி வரை பிடித்து வைத்திருக்கிறேன் என்று இன்றைக்கு மார் தட்டுகிற அத்தனை பேரையும் ஒரு தட்டில் வையுங்கள். பாறசாலை ஸ்டேஷன் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த பொறவு அண்ணனை மறு தட்டில் வையுங்கள். அண்ணன் பக்கம்தான் தாழும். ஆளும் கொஞ்சம் கனம்தான், அது வேறு விஷயம்.

அவருடைய நிஜப் பெயரைக் கேட்காதீர்கள். ரேஷன் கடையில் மட்டும்தான் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அது தன்னைத்தான் என்று அவருக்கே உறைக்க நேரமாகும். எதைச் சொன்னாலும் முக்கால்வாசியில் நிறுத்தி, "மிச்சம் பொறவு" என்று எழுந்து போய்விடுவார். 'பிறகு' எங்கள் பக்கத்தில் 'பொறவு'. "டீச்சரே, இண்ணைக்கு பனச்சமூட்டு சந்தையில ஒரு ஆடு போலீஸ்காரனுக்க பக்கத்துல போய்..." என்பார். பூத்தில் மணி அடிக்கும், போய்விடுவார். அந்த ஆடு என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள நான் சாயங்காலம் வரை காத்திருந்தேன். தொப்பியைத் தின்றதாம்.

பூத்துக்கு மேல்மாடியில் நான் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். ஒருநாள் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற தகப்பன் மாதிரி முகம்.

"டீச்சரே, இனி ஞாயித்துக்கெழம தோறும் கீழ வந்து நீங்க டைப் அடிக்கணும்."

"என்னத்த அண்ணே?"

"அத பொறவு சொல்லுதேன்."

அவர் சொல்லாவிட்டாலும் ரோட்டில் எல்லோருக்கும் காரணம் தெரியும். அண்ணனுக்கு ஒரே தம்பி, சசி. அப்பாவின் சொத்தைப் பாகம் வைத்தபோது எல்லையில் நின்ற அயனி மரம் யாருக்கு என்று இரண்டு பேருக்கும் சண்டை. அயனி என்றால் காட்டுப் பலா. தம்பி கோபித்துக்கொண்டு மஸ்கட்டுக்குப் போனான். அண்ணன் போன் செய்தால், குரலைக் கேட்டதும் வைத்துவிடுவான். ஊருக்கெல்லாம் எஸ்.டி.டி. போட்டுக்கொடுக்கிற மனிதனுக்குத் தன் தம்பியோடு பேச வழியில்லை. அப்போதுதான் லீவில் வந்த ஒருத்தன், "உங்க தம்பி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எப்பவும் நம்ம ஊரு பேரப் போட்டுத் தேடிட்டு இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவ்வளவுதான். 'ஊர் விசேஷம்' என்று ஒரு பக்கம் இணையத்தில் ஆரம்பமாயிற்று. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வராததால், அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்பேன். பக்கத்தின் அடியில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஓர் எண் ஓடும். அது ஏறுகிறதா என்று பார்க்க அவரே பக்கத்தைத் திறந்து திறந்து மூடுவார்.

"அண்ணே, இதுல பாதிப் பேரு நீங்கதான்."

"மற்ற பாதியில அவன் உண்டுல்லா டீச்சரே?"

இப்படிக் கேட்கிறவரிடம் எப்படிக் கோபப்படுவது?

எழுதுவதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. "மொதல் வரியிலயே எல்லாத்தையும் கொட்டினா, வாசிக்கியவன் சாயா குடிக்கப் போயிருவான். கடைசி வரியில கொஞ்சம் கையில வச்சுக்கிடணும். அப்பந்தான் அடுத்த வாரமும் வருவான்." இன்னொரு சட்டம், பொய் எழுதக்கூடாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் செய்த அட்டூழியம் கொஞ்சமில்லை.

எங்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாணத்துக்கு முன்னால், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று கோயிலில் ஓலை வாசிப்பார்கள். அண்ணன் மாப்பிள்ளையின் பெயரை மட்டும் போட்டு, "பெண் கொல்லயில்காரி, நன்றாகப் பாடுவாள். பெயர் அடுத்த வாரம்" என்று எழுதினார். வளைகுடாவில் எத்தனை பையன்கள் அன்றைக்குச் சோறு இறங்காமல் தவித்தார்களோ, பூத்துக்கு போன் மேல் போன். பக்கத்து ஊரான கொல்லயிலில் பாடத் தெரிந்த பெண்கள் அவ்வளவு பேர் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்தது பந்தல். "தங்கையன் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டாச்சு. வாடகை நாற்காலி வந்தாச்சு. ஊரே அங்கேதான் நிற்கிறது. மிச்சம் பொறவு." எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் பந்தல்தான், சாவுக்கும் பந்தல்தான். கல்யாண வயதில் வீட்டில் யாரும் இல்லை. துபாயிலிருந்த தங்கையனின் மகன் கணக்குப் போட்டுப் பார்த்தான், கிடைத்த விமானத்தைப் பிடித்தான். டாக்ஸியிலிருந்து "அப்பா" என்று அலறிக்கொண்டு இறங்கியவனை, வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த தங்கையன்தான் தாங்கிப் பிடித்தார். புதுக் கலர் டி.வி.யில் கிரிக்கெட் பார்க்கப் போட்ட பந்தல் அது. அப்பனும் மகனும் சேர்ந்து பூத்துக்கு வந்தார்கள். அண்ணன் என் மாடிக்கு ஓடிவந்து டைப்ரைட்டர் மேஜைக்குப் பின்னால் பதுங்கினார்.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் சசியிடமிருந்து ஒரு மூச்சு இல்லை. அண்ணனுக்கு முகம் வாடத் தொடங்கியது. ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்து, "அடியுங்க டீச்சரே" என்றார். "எல்லையில் நிற்கும் அயனி மரத்தடிக்கு இன்று மரம் அறுக்கிற ஆள் வந்தாச்சு. அறுப்புவாளைக் கீழே வைத்தாச்சு. தலையில் துண்டு கட்டியாச்சு. மிச்சம் பொறவு."

எனக்குக் கை நின்றுவிட்டது. "அண்ணே, அந்த மரத்தையா வெட்டுறீங்க?"

"ஆரு சொன்னா? அவன் பக்கத்து வீட்டு மாமரத்த அறுக்க வந்தவனாக்கும். நெழலுல இருந்து கஞ்சி குடிச்சான். நான் பொய் எழுதுவேனா?"

மறுநாள் பூத்தில் மணி அடித்தது. எடுத்தவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுமுனைக் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"மரத்த வெட்டியாச்சா?"

எத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்கிற குரல். அண்ணன், "அது பெரிய கத மக்கா. நாளைக்கு இதே நேரத்துக்கு விளி, சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "உங்களுக்குப் பைத்தியமாண்ணே? தானா வந்து பேசினவன இப்படியா விடுவாங்க? இனி விளிக்கலேண்ணா?"

அவர் ரிசீவரிலிருந்து கையை எடுக்கவில்லை. "எல்லாத்தையும் சொல்லிட்டா அவனுக்கு வேற என்ன பேச இருக்கு டீச்சரே? வச்சுட்டுப் போயிருவான்."

மறுநாள் பூத்தில் வியாபாரமே இல்லை. இன்டர்நெட்டுக்கும் போனுக்கும் ஒரே லைன் என்பதால் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. சென்னைக்கு அவசரமாகப் பேச வந்தவரிடம் போன் கேடு என்றார். "பொய் எழுதத்தானே கூடாது" என்று என்னிடம் சமாதானம் வேறு. சொன்ன நேரம் வந்தது, தாண்டியும் போனது. அவர் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். நான் வேண்டாத சாமி இல்லை.

கடைசியில் மணி அடித்தது. மரக்கதையை எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்துவது என்று அவர் காலையிலிருந்து மனப்பாடம் செய்திருந்தார். எடுத்து, "சசி, கேளு, அந்த அறுக்கிற ஆள்..." என்று தொடங்கினார். தம்பி இடைமறித்தான்.

"அது கெடக்கட்டும். உனக்க சுகர் இப்பம் எப்படிண்ணா இருக்கு? மருந்து ஒழுங்கா தின்னுதியா?"

அண்ணன் வாயைத் திறந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றுகிறது, கை மட்டும் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. மறுமுனையில் "அண்ணா... அண்ணா... லைன்ல உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான் சசி. நான் ரிசீவரில் வாயை வைத்து, "உண்டு தம்பி, நான் மாடி டீச்சர் பேசுறேன், இங்கதான் இருக்காரு, போன வச்சிராதீங்க" என்றேன்.

"எவ்வளவு நேரமானாலும் வைக்கமாட்டேன் டீச்சரே" என்றான் அவன்.