மௌல்மீன் மலையாண்டி இறக்கவில்லை

ரங்கூன், இருபத்தொன்பதாம் தெரு.
அக்ஷய வருஷம், ஆனி மாதம், திங்கட்கிழமை.

மௌல்மீன் மரவாடி மேஸ்திரியும் என் மனைவியின் உடன்பிறந்த தமையனாருமான ம-ள-ள-ஸ்ரீ மலையாண்டி அவர்கள் திவ்ய சமூகத்துக்கு, ரங்கூன் துறைமுகக் குமாஸ்தா அப்பாசாமி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் ரத்தினம்மாளும் குழந்தை பவுனும் சுகம். அவ்விடம் தாங்கள் சுகம் என்பதற்கு, இன்னும் சரியாகச் சொன்னால் தாங்கள் உயிரோடிருக்கிறீர்கள் என்பதற்கு, தாங்களே நேரில் வந்து நிற்க வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்.

பதற வேண்டாம். தாங்கள் இறந்துவிட்டதாக எங்கள் தெரு முழுக்கப் பேச்சு, அவ்வளவுதான். கொட்டுகிற மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரிக்க வருகிறார்கள். வீட்டுச் சொந்தக்காரி டோ சீன் நேற்று ஒரு தட்டு நிறைய லபெ, அதுதான் ஊறவைத்த தேயிலை, கொண்டுவந்து வைத்துவிட்டு, தாங்கள் எப்பேர்ப்பட்ட நல்ல மனிதர் என்று பர்மியப் பாஷையில் சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் தங்களைப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் இவ்வளவு அழுதிருக்க மாட்டாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

இதற்கெல்லாம் காரணம் மெல் லாண்டி என்று ஒரு அமெரிக்கக்காரன். பயாஸ்கோப்பில் நடிக்கிறவன். முகம் கருங்கல்லில் கொத்தினது மாதிரி, தாடை ஒரு முழத்துக்கு, மூக்கு ஒரு பக்கமாக உடைந்தது. நடிக்க வருவதற்கு முன்னால் மலைக்காட்டில் மரம் வெட்டினானாம், அப்புறம் காசுக்குக் குத்துச்சண்டை போட்டானாம், மூக்கு போனது அங்கேதானாம். இதெல்லாம் உதுமான் சொன்னது. உதுமான் என்பவர் எங்கள் பயாஸ்கோப்புக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் தகரக் குழலோடு நின்று, இங்கிலீஷில் வருகிற எழுத்தைத் தமிழில் விளக்கிச் சொல்கிறவர். முன்னே அத்தர் விற்றவர், இப்போதும் கிட்டே வந்தால் மணக்கும். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும், எந்தப் பாதி என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

மெல் லாண்டி, மெல் லாண்டி என்று நம் ஜனங்களுக்கு வாயில் நுழையவில்லை என்று உதுமான் அவனுக்கு ஒரு தமிழ்ப் பெயர் வைத்தார். என்ன பெயர் என்று நினைக்கிறீர்கள்? மலையாண்டி. பாவி மனுஷனுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லை. கதாநாயகி யாராயிருந்தாலும் கனகவல்லி, வில்லன் யாராயிருந்தாலும் சப்ஜட்ஜு, அவன் மட்டும் எந்தப் படத்திலும் மலையாண்டி.

ரத்தினம் முதல் படம் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே சொன்னாள்: "ஏங்க, அப்படியே எங்க அண்ணன்! அந்த மூக்கு, அந்தத் தாடை! அந்தப் பொம்பளை கிட்ட வந்து பேசினா தொப்பியையே பார்த்துக்கிட்டு நிக்கறான் பாருங்க. எங்க அண்ணன் துண்டைப் பார்த்துக்கிட்டு நிப்பான்." தங்கள் மூக்கும் மரக்கட்டை உருண்டு உடைந்ததுதானே, எனக்கும் சாடை தெரியத்தான் செய்தது. அன்று முதல் சனிக்கிழமை தவறாமல் கொட்டகை. அவன் குதிரை ஏறி மாடு திருடர்களைத் துரத்தினால் "அண்ணன் விழுந்துடப் போறான்" என்று முந்தானையைக் கடிப்பாள். கண் தெரியாத குத்துச்சண்டைக்காரனாக வந்தபோது மூன்று வேளை சரியாகச் சாப்பிடவில்லை. கலங்கரை விளக்கத்தில் தனியாகக் கிடந்து கஞ்சி காய்ச்சிக் குடித்த படத்தில், "ஒரு கருவாடு சுட்டுக் கொடுக்க நாதியில்லையே" என்று அவள் கத்தியதில் உதுமானே விளக்கத்தை நிறுத்திவிட்டார். செய்யாத கொலைக்கு ஜெயிலுக்குப் போன படத்தில் என்னைப் பார்த்து, நீங்க துறைமுகத்திலே இவ்வளவு துரைகளைத் தெரிஞ்சு வைச்சிருக்கீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றாள். நான் என்ன செய்ய மச்சான்?

இந்த வேடிக்கைக்கு நடுவில் ஒரு நல்ல காரியம். மாவ்பி நெல் வியாபாரி வைத்திலிங்கம் வீட்டுப் பையன், ரயில்வேயில் எஞ்சின் வேலை, பவுனைப் பார்த்துப் பிடித்துப்போனது. பவுனுக்கும் இஷ்டம். அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ரயில் ஊதினால் ஜன்னலுக்குப் போகிறாள், அது போதாதா? ஆடி பிறப்பதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதென்று பேசி, நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாக ஏற்பாடு. அவர்கள் மத்தியான ரயிலுக்கு மழை பிடிக்கும் என்று காலை ரயிலுக்கே வந்து இறங்கிவிட்டார்கள். வினை அங்கே பிடித்தது.

என்னவென்றால், முந்தின நாள் சனிக்கிழமைப் படத்தில் மலையாண்டி செத்துப்போனான். எஞ்சின் ஓட்டுகிறவன் வேஷம். பாலம் உடைந்திருப்பது தெரிந்து, வண்டியை நிறுத்திவிட்டு, ஆற்றில் விழுந்த கனகவல்லியைக் காப்பாற்றப் பாலத்திலிருந்து குதித்து, அவளைக் கரையேற்றிவிட்டுத் தான் போய்விட்டான். தொப்பி மட்டும் மிதந்து வந்தது. உதுமான் தகரக் குழலை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு அழுதார். ஞாயிறு காலையில், படத்துக்கு வராத பக்கத்து வீட்டுப் பெண்கள் கதை கேட்க வந்தார்கள். ரத்தினம் சொல்ல ஆரம்பித்தாள். தொப்பி மிதக்கிற இடம் வந்ததும் சொல்ல முடியவில்லை, மாரில் அடித்துக்கொண்டு, "அண்ணா! மலையாண்டி அண்ணா! என்னைப் பெத்தவங்க இல்லாத ஊரிலே ஒத்தையா விட்டுட்டுப் போனியே!" என்று எடுத்தாள் பாருங்கள் ஒரு குரல். மற்றவர்களும் கட்டிக்கொண்டு அழ, வாசலில் வெற்றிலைத் தட்டோடு சம்பந்திகள்.

அவர்கள் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். கூடம் முழுக்க ஒப்பாரி. பவுன் நல்ல நாளென்று எண்ணெய் தேய்த்து முழுகி ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். நானோ அன்று காலையில்தான் மீசையை மழித்திருந்தேன். ஏன் மழித்தேன் என்பது இங்கே முக்கியமில்லை, மெல் லாண்டிக்கு மீசை கிடையாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வைத்திலிங்கம் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கேட்டார்: "என்னங்க, மலையாண்டின்னா, பொண்ணோட தாய்மாமன் இல்லே?"

"ஐயையோ, அவரில்லீங்க. இது பயாஸ்கோப்பிலே செத்தது."

"பயாஸ்கோப்பிலேயா? கூட்டத்திலே நசுங்கியா?"

"இல்லீங்க, பாலத்திலேருந்து குதிச்சு."

"தானாவா குதிச்சாரு?"

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை மச்சான். "தானாத்தான்" என்றேன்.

"எதுக்காக?"

"ஒரு வெள்ளைக்காரிக்காக."

சம்பந்தியம்மாள் சிவசிவா என்று காதைப் பொத்திக்கொண்டாள். நான் நிலைமையைச் சரிசெய்யவேண்டி, "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, அடுத்த சனிக்கிழமை எழுந்து வந்துடுவாரு, போன மாசம்கூட இப்படித்தான் தூக்கிலே போட்டாங்க, வந்துட்டாரு" என்றேன். அதோடு அந்த அம்மாள் படி இறங்கிவிட்டாள். வைத்திலிங்கம் மட்டும் நின்று, மரியாதையாகத்தான் சொன்னார்: "தாய்மாமன் போன வீட்டிலே வருஷம் திரும்பட்டுங்க. அதுவும் இப்படிப் போனவர். எனக்கு ஒண்ணுமில்லே, வீட்டிலே பயப்படுவாங்க." வெற்றிலைத் தட்டு வந்த வழியே மாவ்பிக்குப் போய்விட்டது.

பவுன் அழவில்லை. "அப்பா, இனிமே நீங்க யாருக்கும் எதையும் விளக்கவேண்டாம்" என்றாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நேற்றிலிருந்து ரயில் ஊதினால் ஜன்னலைச் சாத்துகிறாள்.

ஆகவே மச்சான், தாங்கள் மார்த்தபான் ரயிலைப் பிடித்து உடனே வந்து, மாவ்பிக்கு என்னோடு வந்து, வைத்திலிங்கம் வீட்டு வாசலில் ஒருதரம் நின்று இரண்டு வார்த்தை பேசினால் போதும். அதிகம் பேசவேண்டாம், பேசினால் வேறு வம்பு. தங்கள் கோபம் எனக்குத் தெரியும். பவுனின் மஞ்சள் நீராட்டுப் பந்தியில் தங்களுக்கு முன்னால் அந்தச் சுருட்டுக்கடைக்காரனுக்கு இலை போட்டது சமையல்காரன் செய்த காரியம், நான் அப்போது பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காக நாலு வருஷமாக ஒரே தங்கைக்கு ஒரு கார்டுகூடப் போடாமலிருப்பது நியாயமா? இதோ இருக்கிற மௌல்மீனிலிருந்து! அவள் ஒரு நாளும் தங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சனிக்கிழமை மட்டும் கொட்டகைக்குப் போகிறாள். எனக்கு முதலில் விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. வெறும் துணியில் ஓடுகிற ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்து ஒரு பொம்பளை இந்த அழுகை அழமாட்டாள்.

குழந்தை பவுன் தங்களுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும். எல்லாம் வல்ல முருகன் தங்களுக்குத் தீர்க்காயுளைத் தரட்டும், குறைந்தபட்சம் கல்யாணம் வரைக்குமாவது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
அப்பாசாமி.

பின்குறிப்பு: மழையில் இந்தக் கடிதம் தபாலுக்குப் போகாமலே வியாழக்கிழமை ஆகிவிட்டது. அதற்குள் எல்லாம் தலைகீழ். வினைக்கு வித்து உதுமானல்லவா, அவரையே மாவ்பிக்கு அனுப்பினேன். மலையாண்டியின் பெரிய வர்ணப் படம் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், சம்பந்தி வீட்டுக் கூடத்தில் விரித்து, "செத்தது இந்த ஆளுதான், பொண்ணோட தாய்மாமன் இல்லே" என்று காட்டியிருக்கிறார். சம்பந்தியம்மாள் படத்தைப் பார்த்தாளாம். "ஐயோ, எங்க வேலாயுதமா!" என்று ஒரு கூச்சல், ஆள் மயக்கம். மாவ்பிக்கு வருகிற கூடாரப் பயாஸ்கோப்பில் விளக்கம் சொல்கிறவர் வேறு ஆளாம், அவர் அந்த மெல் லாண்டிக்கு வேலாயுதம் என்று பெயர் வைத்திருக்கிறார். பாலத்துப் படம் அங்கே இன்னும் போகவில்லை. அந்த அம்மாள் தலை முழுகிவிட்டாள். இப்போது துக்கம் அவர்கள் வீட்டில். பதினாறு நாள் கழியாமல் நல்ல காரியம் பேசமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். உதுமான் மன்றாடி, அவன் செத்தது பின்னால் எடுத்த படம், முன்னால் எடுத்த படம் இந்தச் சனிக்கிழமை ரங்கூனில் வருகிறது, அதில் அவன் குதிரைக்காரனாகக் கல்லு மாதிரி இருக்கிறான் என்று சத்தியம் செய்திருக்கிறார். கடைசியில், சனிக்கிழமை குடும்பத்தோடு வருகிறார்கள். வேலாயுதம் உயிரோடிருப்பதைக் கண்ணால் பார்த்தால், கொட்டகை வாசலிலேயே வெற்றிலை மாற்றிக்கொள்வார்களாம். ரத்தினமும் சம்பந்தியம்மாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப்போகிறார்கள். பவுன் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

ஆகையால் தாங்கள் உயிரோடிருப்பது இனி அவசியமில்லை. சிரமப்பட்டு வரவேண்டாம், மேலே எழுதியதை மறந்துவிடவும். இதை ரத்தினத்துக்கு வாசித்துக் காட்டினேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். கீழே உள்ளது அவள் கையெழுத்து, பிழைகளைத் திருத்த விடவில்லை.

அண்ணா அவனுக்கு ஒரு படத்துல உசுரு போனா இன்னொரு படத்துல வந்துருது. நமக்கு இந்த ஒரு படந்தான். சனிக்கெழமைக்குள்ள வா. உனக்குத்தான் மொத எலை.