டார்கெட்டும் பொன்னாடையும்

தாராவியில் தோல்பை தைக்கிற இசக்கிதுரைக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. தமிழ்ச் சங்க விழாவில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லிவிட்டார் செயலாளர் வானமாமலை. பத்தாவது பாஸான பிள்ளைகளுக்கு லட்சியத்தைப் பற்றி நாலு வார்த்தை. பேசி முடித்தால் பொன்னாடை. இருபத்தாறு வருஷமாக அடுத்தவன் தோளில் விழுந்த பொன்னாடைக்கெல்லாம் கை தட்டிய மனுஷன் அவர்.

"லட்சியம்னா பயலுவ தூங்கிருவானுவ. நான் டார்கெட்னு பேசப் போறேன்" என்றார் சம்சாரம் பேராச்சியிடம். ஐரோலியில் ஆபீஸ் வேலை பார்க்கிற மகள் பானுமதி, அந்தச் சொல்லின் பூர்வீகத்தையே போனில் தேடிக் கொடுத்திருந்தாள்.

பேராச்சி கிரைண்டரை நிறுத்தினாள். "டார்கெட்னா என்னங்க?"

"அப்படிக் கேளு. இன்னைக்கு எட்ட வேண்டிய குறின்னு சொல்லுதோம்லா? ஆதியில அது கேடயமாக்கும். சின்ன வட்டக் கேடயம். பிரெஞ்சுக்காரன்கிட்டருந்து இங்கிலீஷ்காரன் வாங்குன சொல்லு."

"கேடயம் எப்படிங்க குறியாச்சு?"

"அம்பு விடப் பழகுனவன் கேடயம் கணக்கா வட்டமா ஒண்ண நிறுத்தி வச்சு அடிச்சான். அந்தப் பேரே அதுக்கு ஒட்டிக்கிட்டு. பொறவு நம்ம மகளோட மேனேஜர் கைக்கு வந்துட்டு."

"மண்டையில ஏறலயே. இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். மறுநாள் துணி மடிக்கையில், "யாருகிட்ட வாங்குனதுன்னு சொன்னிய?" மறுபடியும் சொன்னார். அதற்கு மறுநாள், "நம்ம தொழில்லருந்து ஒண்ணு சொல்லலாம்லா?"

இசக்கிதுரைக்கு உற்சாகம் தாங்கவில்லை. "தோல்ல மொதல்ல வெள்ளி மைப் பேனாவால கோடு போடுதோம். கோடு இல்லாம மிஷின ஓட்டுனா கண்ட எடத்துல ஓட்டை. தோல்ல விழுந்த ஓட்டை மூடாது. அந்தக் கோடுதான் டார்கெட்."

பாவம், எட்டாவதோடு நின்றவள் என்று பரிதாபப்பட்டார். தான் ஆறாவது என்பது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

விழா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முதல் வரிசை. வானமாமலை மைக்கைப் பிடித்தார். "முதலில் மகளிர் குழு சார்பாகப் பேராச்சி அம்மா பேசுவார்."

இசக்கிதுரை பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். காலி.

"பிள்ளைகளா, டார்கெட் டார்கெட்ங்காவல்லா, அது ஆதியில ஒரு கேடயம்" என்று ஆரம்பித்தாள் பேராச்சி. அம்பு வந்தது. வட்டம் வந்தது. மேனேஜர் வந்தார், சிரிப்பு வந்தது. வெள்ளிப் பேனா வந்தபோது பிள்ளைகள் விசிலே அடித்தார்கள். பொன்னாடை விழுந்தது.

இறங்கி வந்து உட்கார்ந்தவளிடம் இசக்கிதுரை பல்லைக் கடித்தார். "ஏட்டி, என்ன வேல பாத்துட்ட?"

"பேரு போன மாசமே குடுத்துட்டேங்க. என்ன பேசன்னுதான் தெரியாமக் கெடந்தேன்."

"அடுத்து, இசக்கிதுரை அண்ணாச்சி."

ஏறினார். வாயில் ஒரு சொல் மிச்சமில்லை. கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை கண்ணும் இன்னும் பேராச்சி மேலேயே இருந்தது. கோபத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. நெஞ்சு தானாக நிமிர்ந்துகொண்டது.

"இப்பப் பேசுனது என் சம்சாரம்" என்றார் மைக்கில், ஊருக்கே கேட்கிற மாதிரி.

வானமாமலை அவர் காதோரம் குனிந்தார். "தெரியும் அண்ணாச்சி. வீட்டுக்கு ஒரு பொன்னாடைதான், இறங்குங்க."