திருமதி பெல்லமி முடித்துவைத்த கல்யாணம்

ஊரில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் ‘நான்தான் முடித்துவைத்தேன்’ என்று சொல்லிக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் தாங்களாகவே சந்தித்து, தாங்களாகவே சண்டை போட்டு, தாங்களாகவே சமாதானமாகிப் பாதிரியார் முன்னால் போய் நின்றிருந்தாலும் சரி, இந்த இனத்தைச் சேர்ந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்து, அந்த இருவரையும் தானே மாவு பிசைந்து செய்ததுபோலக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். உலகம் முழுக்க இருக்கிறார்கள். எங்கள் இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குச் சூனியமும் தெரியும் என்பதுதான் கூடுதல் தொல்லை.

சூனியம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். மன்னருக்குப் புத்தி பேதலித்து, மகன் ராஜ்யத்தைப் பார்த்துக்கொள்ளும் இந்தக் காலத்தில், கௌரவமான வீட்டுப் பெண் என்றால் பியானோ வாசிக்க வேண்டும், பூத்தையல் போட வேண்டும், பக்கத்து வீட்டுப் பாலைத் திரியவைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இதில் என்ன தப்பு?

டார்செட் பக்கம் எங்கள் நெதர்கோம்ப் கிராமத்தில் இந்த இனத்தின் தலைவி திருமதி பெல்லமி. நான் ஊர் வைத்தியரின் தங்கை. வாராவாரம் அவளோடு சீட்டாடுகிறவள். சீட்டில் அவள் மந்திரம் போடமாட்டாள். நேரடியாகத்தான் ஏமாற்றுவாள். மந்திரத்தையெல்லாம் கல்யாணமாகாதவர்களுக்கென்று சேர்த்துவைத்திருந்தாள். துணைப் பாதிரியாரையும் பள்ளி ஆசிரியையையும் சேர்த்துவைக்க ஒரு நூலை மந்திரித்து முடிச்சுப் போட்டாள். அன்றிலிருந்து ஒருவர் அறையை விட்டு வெளியே போனால் இன்னொருவரும் தரதரவென்று பின்னால் இழுபட்டார். வேறு வழி? கல்யாணம் செய்துகொண்டார்கள். இன்றைக்கும் முடி வெட்டிக்கொள்ளக்கூட இருவரும் சேர்ந்துதான் போகிறார்கள். “என்ன அன்னியோன்யம் பாருங்க” என்பாள் திருமதி பெல்லமி.

அவளுக்கு ஒரே மகள், டபிதா. கெட்டிக்காரி, வாய்த்துடுக்கு, அம்மாவின் வித்தைகளில் துளியும் விருப்பமில்லாதவள். இனி இவளுக்கு வரன் வரும் என்று ஊரில் யாரும் நம்பவில்லை. அந்தச் சமயத்தில்தான் மேட்டு மாளிகைக்குக் கார்லண்ட் குடிவந்தார். பெரிய சொத்து, நீளமான மூக்கு, அதைவிட நீளமான கர்வம். முதல் நடன விருந்திலேயே, இந்த ஊர்க்காரர்கள் ஆடுவது பட்டிக்குள் ஆடுகளை விரட்டுவதுபோல இருக்கிறது என்று சொன்னார். பக்கத்தில் நின்ற டபிதா, ஆடுகள் குறைந்தபட்சம் வாயை மூடிக்கொண்டு இருக்கும் என்றாள். அப்போது பிடித்த சண்டை பனிக்காலம் முடியும்வரை ஓயவில்லை. புத்தகம், குதிரை, மழை வருமா வராதா என எதைப் பற்றிப் பேசினாலும் ஆளுக்கொரு கட்சி. எந்த விருந்தானாலும் நுழைந்த உடனே அவர் கண் அவளைத் தேடும், அவள் முகத்தில் வெளிச்சம் ஏறும், இரண்டு பேரும் ஆனந்தமாகச் சண்டையைத் தொடங்குவார்கள். ஊரே புரிந்துகொண்டது.

புரியாதது ஒருத்திக்குத்தான். பெண் வாயாலேயே கெட்டுப்போகிறாள் என்று பயந்து, திருமதி பெல்லமி அவரைச் சாப்பாட்டுக்கு அழைத்து, வீட்டில் வடித்த பழமதுவில் வசிய மருந்தைக் கலந்து ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை கார்லண்ட் கொட்டும் மழையில் வாசல் கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்றார். கையில் டபிதாவின் காதுகளைப் பற்றி ஒரு பாட்டு. அவள் எது சொன்னாலும் அவருக்குச் சரி. சோதித்துப் பார்க்கலாமென்று, சூரியன் மேற்கேதான் உதிக்கிறது என்றாள். எவ்வளவு நுட்பமான கவனிப்பு என்று அவர் கண்கலங்கினார். கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். அம்மாவே சம்மதம் சொன்னாள். தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பும் வாசித்தாயிற்று.

டபிதாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. நாங்கள் சீட்டாடிக்கொண்டிருந்தபோது நேரே வந்து நின்றாள்.

“எடுத்துடும்மா அதை.”

“எதைடி?”

“அவருக்கு ஊத்திக் கொடுத்தியே, அதை.”

“அடியே, இந்த ஊர்ல எந்தப் புருஷன் பொண்டாட்டி பேச்சைக் கேக்கிறான்? உனக்குக் கேக்கிறவனாக் கெடச்சிருக்கான். இதுல என்ன குறை கண்டே?”

“சண்டை போட ஆளில்லம்மா.”

அம்மா சீட்டைப் பார்த்துக்கொண்டாள். பிறகு டபிதா என்னைத் தேடி வந்தபோதுதான் அழுதாள். தெளிந்துவிட்டால் அவர் அவமானம் தாங்காமல் போய்விடுவார், திரும்பி வரமாட்டார், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இப்போது வந்து நிற்கிறவர் அவரில்லையே என்றாள்.

ஜூன் மாதம் பெல்லமி வீட்டுப் புல்வெளியில் ஸ்ட்ராபெரி விருந்து. கார்லண்ட் எல்லோர் முன்னாலும் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார். டபிதா ஒரு கோப்பையை எடுத்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, இத்தனை வருஷம் வேண்டாமென்று ஒதுக்கிய மந்திரத்தை அதன்மேல் முணுமுணுத்தாள். மகளின் உதடு அசைவதைப் பார்த்த அம்மா ஒரு செருப்பு கழன்று விழ ஓடிவந்தாள். அதற்குள், குடியுங்கள் என்று டபிதா சொல்ல, அவர் குடித்துவிட்டார். பாட்டு பாதி அடியில் நின்றது. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

“இதை நானா எழுதினேன்?”

“ஆமாம். இன்னும் நிறைய இருக்கு.”

எதையும் மறைக்காமல், அத்தனை பேர் காதிலும் விழும்படி, நடந்ததையெல்லாம் அவளே சொன்னாள். அவர் குனிந்து வணங்கினார். குதிரை ஏறினார். சாயங்காலத்துக்குள் மேட்டு மாளிகையின் ஜன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டன. திருமதி பெல்லமி படுக்கையில் விழுந்தாள். அடுத்த வாரமே எழுந்து, மனைவியை இழந்த ஒரு கர்னல் மகளுக்குச் சரிப்படுவாரா என்று விசாரித்தாள்.

டபிதா அந்தக் கோடை முழுக்கத் தனியாக நடந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து என் அண்ணனை வம்புக்கு இழுத்துப் பார்த்தாள். அவர் பாவம், யார் என்ன சொன்னாலும் ஒத்துப்போகிற மனிதர்.

இலையெல்லாம் உதிர்ந்தபின் ஒரு நண்பகலில் கார்லண்ட் வந்தார். முகம் வெளுத்திருந்தது. திருமதி பெல்லமி தேநீரும் கேக்குமாகப் பறந்துவந்தாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“மன்னிக்கணும். நேத்துக் காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. இப்பவும் வேண்டாம்.” பிறகு டபிதாவிடம் திரும்பினார். “உங்க காதைப் பத்தி எழுதினதெல்லாம் பொய். சாதாரணக் காதுதான்.”

“உங்க மூக்கு சாதாரணம்கூட இல்லை.”

“உங்ககூடப் பேசினா எரிச்சலா வருது. பேசாம இருந்தா அதைவிட எரிச்சலா வருது. வயித்துல எந்த மருந்தும் இல்லாமச் சொல்றேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”

டபிதா அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போய், அவர் கண்ணெதிரே ரொட்டியை வெட்டி, முதல் துண்டைத் தான் தின்றாள். அடுத்த துண்டை நீட்டினாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார். ரொட்டி காய்ந்துபோயிருக்கிறது என்று குறை சொன்னார். அவள் அப்போதுதான் அழுதுகொண்டே சிரித்தாள்.

கல்யாணத்தன்று முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? “என் மருந்து கொஞ்சம் மெதுவாத்தான் வேலை செய்யும், ஆனா விடாது” என்று என் காதில் சொன்னாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன கல்யாண வீட்டில், இவர்கள் முதன்முதலில் பார்த்துக்கொண்டதே எங்கள் வீட்டு விசேஷத்தில்தான் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது நீங்கள் இல்லையென்றால் தாராளமாகச் சிரியுங்கள். அது போகட்டும். உங்கள் வீட்டுக்கு வந்துபோகும் அந்தக் கல்யாணமாகாத பையன், போதும் போதும் என்று கையால் கோப்பையை மூடிய பிறகும், விரலை விலக்கிவிட்டு இன்னொரு முறை ஊற்றினீர்களே, அதில் என்ன கலந்தீர்கள்?