சாடிக்கு ஒரு கை உப்பு

இந்த வருடம் கோடையை நம்பித்தான் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் வெயிலுக்காக ஏங்குகிற ஆளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஊரே மழை கேட்கும். நான் மட்டும் காலையில் கொல்லைக் கதவைத் திறந்து, எல்லாம் கருகிவிட்டதா என்று பார்ப்பேன்.

கருகவில்லை. குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாவற்றையும் என் மனைவி தங்கமாரி சீனியவரைச் செடிக்குத் திருப்பிவிட்டிருந்தாள். தண்ணீரும் அவள் சொன்ன பக்கம்தான் போனது. என்னைப் போலவே.

மார்கழியிலிருந்து சீனியவரங்காய்தான். பொரியல், கூட்டு, புளிக்குழம்பு. பந்தல்குடி ரோட்டில் லாரி டயர் கடையில் எனக்கு வேலை. மத்தியானம் நான் சாப்பாட்டைத் திறந்தால் கூட வேலை பார்க்கும் காளிராஜ் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒருவழியாக இலைகள் மஞ்சளாயின.

"செடி முடிஞ்சிருச்சு போல. பாவம்" என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

"ஆமா. அதான் இருக்கிற காய பூராம் பறிச்சு உப்புல போடப்போறேன்."

"உப்புலயா?"

"பச்சையா நறுக்கி, ஒரு அடுக்கு காய், ஒரு அடுக்கு உப்பு. மேல அம்மிக்குழவிய வச்சு அமுக்கிட்டா அதுவே தண்ணி விட்டுக்கிரும். கோடை பூராம் கவலையில்ல."

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

"எல்லாரும் மாதிரி வத்தல் போடேன்." வத்தல் என்றால் காக்காயாவது தின்னும்.

"மாடியேற என் முழங்காலு கேக்கணுமே. நீங்க ஏறுவீகளா?"

எனக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது.

சாயங்காலம் அடுப்படி மூலையில் சாடி உட்கார்ந்திருந்தது, தலையில் குழவியோடு. தங்கமாரி போனில் அவள் தங்கச்சி முருகேஸ்வரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாக.

"உப்பு மட்டும் கூடிரக் கூடாதுடி. கூடுச்சு, வாயில வைக்க ஏலாது. அம்புட்டையும் குப்பையிலதான் கொட்டணும்."

என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல சேதியை முருகேஸ்வரி மூலம் நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் தங்கமாரி பால் வாங்கப் போனதும் குழவியைத் தூக்கினேன். ஒரு கை கல்லுப்பைப் போட்டேன். மேலே தெரியக் கூடாதே என்று நன்றாக அமுக்கிவிட்டேன். குழவியைப் பழையபடி வைத்தேன். டயர் தூக்கிப் பழகிய உடம்பு, இருந்தும் இடுப்பு பிடித்துக்கொண்டது. விடவில்லை. தினமும் போட்டேன். கல்லுப்பு மூட்டை சாடிக்குப் பக்கத்திலேயே வாய் திறந்து இருந்தது வசதியாகப் போயிற்று.

"கையில என்ன வெள்ளையா?" என்றாள் ஒருநாள்.

"சுண்ணாம்பு."

"நீங்கதான் வெத்தலையே போடமாட்டீகளே."

"சுவத்துல பட்டுருச்சு."

"சுவத்துக்கு பெயிண்டுல்ல அடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மேற்கொண்டு கேட்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு சௌடம்மாள் வந்தாள். தறிக்கார வீடு. உப்பில் போடச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். சாடியைத் திறந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

"அக்கா, என்னமா வந்துருக்கு! காய் நறுக்குன்னு இருக்கே. எங்க வீட்டுல உப்பு பத்தாம வழுவழுன்னு போயி கொட்டிட்டோம்."

"நான் பாதி உப்புதான் போட்டேன். மிச்சம் இவுக போட்டாக."

சௌடம்மாள் என்னைப் பார்த்தாள். "அண்ணனா?"

"தெனமும் உப்புப் போட்டு அமுக்கிவிடணும்ல? ஒரு நாளுன்னா சரி, தெனமும் குனிஞ்சு குழவியத் தூக்க எனக்கு ஏலுமா? செய்ங்கன்னு சொன்னா இவுக செய்வாகளா? அதான் உப்பு கூடுனா கெட்டுப்போகும்னு காதுல விழுறாப்புல போன்ல சொன்னேன்."

எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. "உப்பு கரிக்குமே. எப்பிடித் திங்கிறது?"

"தண்ணியில ஊறப்போட்டா போயிரும்" என்றாள் தங்கமாரி. "நீங்க போட்டிருக்கிற உப்புக்கு அடுத்த கோடைக்கும் கெடாது."

சௌடம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நான் கொல்லையில் போய் நின்றேன். செடிகள் சுத்தமாகக் கருகியிருந்தன.

மறுநாள் காலையில் எழுந்து அடுப்படிக்குப் போனேன். தங்கமாரி பால் வாங்கப் போயிருந்தாள். எங்கள் சாடிக்குப் பக்கத்தில் சௌடம்மாள் வீட்டுச் சாடியும் புதுக் காயோடு இருந்தது.