நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

அன்று மாலை மாத்திரையை விழுங்குவதில்லை என்று தீர்மானித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நானாக எடுத்த இரண்டாவது தீர்மானம். முதலாவதை என் மனைவி கஸ்தூரி அன்றைக்கே மாற்றிவிட்டாள்.

கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் பிடித்திருந்தது. பல் டாக்டர் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வலி நின்னாலும் பாதியில நிறுத்தக் கூடாது. இது முடியற வரைக்கும், முடிஞ்சு மூணு நாளைக்கும், குடி ஒரு சொட்டுக்கூட ஆகாது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கஸ்தூரியைப் பார்த்துச் சொன்னார். ஆள் தெரிந்து பேசுகிற டாக்டர்.

வலி போய்விட்டது. கன்னம் வற்றிவிட்டது. மாத்திரைதான் மிச்சம் இருந்தது. அன்றைக்குப் பச்சையப்பனின் பணி ஓய்வு விருந்து. திருநின்றவூரில் மொட்டைமாடி, ஏரிக்காற்று, ஐஸ் பெட்டி. தொழிற்சாலையில் இத்தனை வருஷம் பக்கத்து மெஷினில் நின்ற மனிதர். அவருக்காக ஒரு கிளாஸ் எடுக்காவிட்டால் நான் என்ன நண்பன்?

இந்த வேளையை மட்டும் தவிர்த்துவிட்டால் விருந்துக்குள் உடம்பு சுத்தமாகிவிடும். இந்த மருத்துவம் என் சொந்தக் கண்டுபிடிப்பு.

டிபன் சாப்பிட்டு எழுந்ததும் கஸ்தூரி மாத்திரையும் தண்ணீருமாக வந்தாள். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கினேன். தண்ணீரைக் குடித்தேன். பின்வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி இருந்தது. அதுவரை போய்த் துப்பினால் போதும்.

கஸ்தூரி பின்வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கஜபதி உள்ளே வந்தான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ். என்னை வண்டியில் கூட்டிப்போக வந்தவன்.

"இன்னா நைனா, ரெடியா கீறியா?"

"ம்."

"இன்னா ம்மு? வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"மாத்திரை போட்டாருண்ணே" என்றாள் கஸ்தூரி. "இப்பதான் முழுங்கினாரு. இல்லீங்க?"

"ம்."

மாத்திரையின் மேல்பூச்சு கரையத் தொடங்கியது.

"என்னங்க, உங்க ஸ்கூட்டரை எந்தம்பி தேவா கேட்டுக்கிட்டே இருக்கான். குடுத்துடலாமா?"

என் முதல் சம்பளத்தில் வாங்கிய ஸ்கூட்டர். வேகமாகத் தலையை ஆட்டினேன். நம் ஊரில் தலையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் சம்மதம்தான்.

"பாத்தீங்களாண்ணே, எவ்ளோ பெரிய மனசு."

பூச்சு முழுக்கக் கரைந்தது. துருப்பிடித்த ஆணியை வேப்பெண்ணெயில் ஊறப்போட்டு எடுத்த மாதிரி ஒரு கசப்பு. காதுவரை ஏறியது.

"அப்புறம், எங்கம்மா கொஞ்ச நாள் வந்து இருக்கட்டுங்களா?"

என் மாமியார் காசநோய் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். எந்த மனிதனையும் ஒரு கட்டில் நம்பராகத்தான் பார்ப்பார். "ம்ம்ம்!" என்று மறுத்தேன். கண்ணில் நீர் கொட்டியது.

"அழறாருண்ணே. அம்மா பேரை எடுத்தாலே அவருக்கு இப்படித்தான்."

அது ஒருவகையில் உண்மை.

கஜபதி மேஜையிலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தான். முகம் மாறியது. "இந்த மாத்திரையா சாப்புட்ற? கள்ளிக்குப்பத்துல என் சகலைக்கு இதான் குடுத்தாங்க. ஒரே ஒரு கட்டிங்தான் அட்ச்சான். மூஞ்சி தக்காளியாட்டம் செவந்து, நெஞ்சு படபடன்னு அட்ச்சிகினு, வாந்தி நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுனோம்."

"அன்னிக்கு மாத்திரை போட்டாராண்ணே?" என்று கஸ்தூரி கேட்டாள். என்னைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அத்தாம்மா கூத்து. குடிக்கணும்னு அந்த வேளை போடவே இல்ல. முந்துன நாள் போட்டதே உள்ள கீதாம்."

என் மருத்துவம் அந்த இடத்தில் செத்தது. துப்பினாலும் ஆபத்து தீராது. துப்பாவிட்டால் நாக்கு மிஞ்சாது.

கஸ்தூரி குரலைத் தாழ்த்தினாள். "போனது வலிதாங்க. கிருமி இல்ல. பாதியில விட்டா மிஞ்சுனது தெம்பா எழுந்துக்கும்னு டாக்டர் சொன்னாரே. அப்புறம் இதே மாத்திரைக்கு அது பயப்படாதாம். போன வாரம் விடிய விடியக் கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நானும்தான் உக்காந்திருந்தேன்."



விழுங்கினேன். சொம்புத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தேன். குரல் திரும்பி வந்தது. "ஸ்கூட்டரைக் குடுக்க முடியாது. உங்கம்மாவும் இப்ப..."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே. அப்ப வாயில என்னங்க இருந்துச்சு?"

கஜபதி என் வாயையே பார்த்தான்.

"ம்" என்றேன்.

விருந்தில் பன்னீர் சோடா குடித்தேன். ஐஸ் பெட்டிப் பக்கம் கஜபதி என்னை விடவே இல்லை. பச்சையப்பன் மட்டும் என் தோளைத் தட்டி, "திருந்திட்டியேப்பா" என்று கலங்கினார்.

மறுநாள் காலை திருவேற்காட்டிலிருந்து மாமியார் வந்து இறங்கினார். கூடவே தேவா, சாவிக்குக் கையை நீட்டியபடி. இட்லி சாப்பிட்டு முடித்ததும் கஸ்தூரி மாத்திரையைத் தந்தாள். சத்தியமாக விழுங்கினேன். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் மாமியார் பையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நல்லது மாப்ள. இப்ப நாக்கைத் தூக்குங்க."