கறுப்புக் கேமராவின் கட்சிக்காரர்

அநீதிகளை வரிசைப்படி சொல்லிவிடுவது நல்லது. வரிசை தப்பினால் வரலாறும் தப்பிவிடும்.

முதல் அநீதி, சோபா. தோழர் கேட்டது நிமிர்ந்த முதுகு கொண்ட மர பெஞ்சு. உழைக்கிறவன் வீட்டில் சாய்மானம் எதற்கு என்று விளக்கமும் கொடுத்தார். "நீங்க சொன்னா சரிங்க" என்றார் மனைவி. வந்து இறங்கியது ஒரு சோபா. கண்டனம் தெரிவிப்பதற்காக அதில் உட்கார்ந்தவர் சாயங்காலம்தான் கண் விழித்தார்.

இரண்டாவது அநீதி, சுவர். கூடத்துக்குச் சிவப்பு வண்ணம் என்பது அவர் கோரிக்கை. "நீங்க சொன்னா சரிங்க." சிவப்பு அடிக்கப்பட்டது. பரணுக்குள்ளே.

மூன்றாவது, ஃபிரிட்ஜ். அது ஜன்னலோரம் நிற்க வேண்டும் என்றார். "நீங்க சொன்னா சரிங்க." ஃபிரிட்ஜ் சமையலறைக்குப் போனது. அது வந்த அட்டைப்பெட்டி மட்டும் சில நாள் ஜன்னலோரம் நின்று அவர் சொல்லைக் காப்பாற்றியது.

நான்காவது, பூனை. பூனை கூடாது என்று காலவரையற்ற உண்ணாவிரதம் அறிவித்தார். மதியம் பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தது. பேச்சுவார்த்தை முடிந்தபோது அவர் வயிறு நிறைந்திருந்தது. மடியும் நிறைந்திருந்தது. பூனைக்கு அந்த மடி பிடித்துப்போயிற்று.

இத்தனைக்கும் தோழர் சாதாரண ஆள் இல்லை. சோப்புத் தொழிற்சாலைச் சங்கத்தின் முன்னாள் செயலாளர். படித்தது துண்டறிக்கைகளில், பட்டம் பெற்றது தொழிற்சாலை வாசலில். மூன்று மேலாளர்களை மேசைக்கு இழுத்துவந்து உட்காரவைத்தவர். தற்காலிகத் தொழிலாளர்கள் அத்தனை பேரையும் நிரந்தரமாக்கியது அவருடைய வாழ்நாள் வெற்றி. "தற்காலிகம்ங்கற சொல்லே ஒரு அவமானம்யா!" என்று அன்று வாசலில் முழங்கியதை இன்றும் சலூனில் முழங்கிக் காட்டுவார். சலூன்காரர் கத்திரியை நிறுத்திக் கேட்டுக்கொள்வார். நிறுத்தாவிட்டால் காது போய்விடும், தோழர் அவ்வளவு ஆடுவார்.

அந்தச் சலூனில்தான் மனைவியைப் பற்றியும் பேசுவார். பெயர் சொல்வதில்லை. "நிர்வாகம்" என்பார். "நிர்வாகம் இன்னிக்கு இறங்கி வந்துச்சு", "நிர்வாகம் கதவடைப்பு பண்ணிருச்சு" என்று. வீட்டுக்குள் அந்தச் சொல்லைப் பற்றி அவர் மூச்சு விட்டதில்லை.

ஐந்தாவது பிரச்சினை கேமரா. வீட்டு அம்மையாரின் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்து, பேத்தி தவழ்ந்த படங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. பேத்தி அடுத்த மாதம் வருகிறாள், நடக்கவும் தொடங்கிவிட்டாள். பேசுவதற்கு ஒன்று, படம் எடுப்பதற்குத் தனியாக ஒன்று என்று அம்மையார் முடிவு செய்தார். அவருடைய தம்பி எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறார். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாத இரண்டு கேமராக்களை, "வெச்சுப் பாருங்க, பிடிச்சத எடுத்துக்கோங்க" என்று கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

ஒன்று கறுப்பு. நீளும் மூக்கு, தலையில் திருகு, திருகைச் சுற்றி எழுத்துகள், கழுத்தில் மாட்ட அகலமான பட்டை. இன்னொன்று வெள்ளி நிறம். சோப்புக்கட்டி அளவு. ஒரே பொத்தான்.

தோழர் கறுப்பைத் தூக்கிக் கழுத்தில் மாட்டினார். மேடையில் மாலை விழுந்த மாதிரி இருந்தது.

"இதான்" என்றார்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றார் அம்மையார். "என்ன விசேஷம் இதுல?"

"எட்ட இருக்கறதையெல்லாம் கிட்ட இழுக்கும்."

"நமக்கு எட்ட என்னங்க இருக்கு? பேத்தி மடியிலதான உக்காரப் போறா."

"உனக்குத் தொலைநோக்கே கிடையாது. இதுல எத்தனை திருகு பாத்தியா?"

"பாத்தேன். எது எதுக்குங்க?"

"அது... படிப்படியாப் பயிலணும்."

"அதுக்குள்ள அவ பள்ளிக்கூடம் போயிருவாளே."

தோழர் திருகைத் திருகினார். அம்மையார் வெள்ளியை எடுத்து, "கொஞ்சம் நிமிருங்க" என்றார். நிமிர்ந்தார். கிளிக்.

"என்ன பண்றே?"

"சும்மா, சோதிச்சுப் பாத்தேன்." தம்பியும் அக்காவும் அந்தக் குட்டித் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். தோழர் கவனிக்கவில்லை. அவர் திருகில் இருந்தார்.

"கேளு. இந்தத் தடவை முடிவு என்னோடது. கறுப்பு."

"நீங்க சொன்னா சரிங்க."

தோழர் திருகை விட்டார். சோபா, பரண், அட்டைப்பெட்டி, பூனை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அந்த வாக்கியம் வந்த இடத்தில் அவர் ஜெயித்ததே இல்லை.

"சரி வேணாம்" என்றார் பதறி. "போட்டி வெப்போம். நான் கறுப்புல எடுக்கறேன், நீ வெள்ளியில எடு. அடுத்த ஞாயித்துக்கிழமை நடுவர் முன்னாடி ரெண்டு படங்களையும் காட்டுவோம். ரகசிய வாக்கெடுப்பு!"

அதோடு விட்டிருக்கலாம். சலூனுக்குப் போய் அறிக்கையும் விட்டார். கீழ்வீட்டுத் தையல்காரர் சவரத்துக்காகக் காத்திருந்தார், அவரும் சாட்சி. "இதுல தோத்தா, அந்த வீட்டுல இனிமே 'நான் முடிவு பண்ணிட்டேன்'ங்கற வார்த்தையை என் வாயால சொல்ல மாட்டேன்!"

"யோசிச்சுச் சொல்லுங்க தோழரே" என்றார் தையல்காரர். "அந்த ஒரு வார்த்தைதான உங்ககிட்ட மிச்சம் இருக்கு?"

போராட்டம் தொடங்கியது. கறுப்பு ஒத்துழைக்கவில்லை. பூனை கொட்டாவி விட்டது, அருமையான காட்சி. தோழர் திருகைச் சரியான எழுத்துக்குக் கொண்டுவருவதற்குள் பூனை கொட்டாவியை முடித்து, ஒரு தூக்கமும் போட்டு, எழுந்து போய்விட்டது. படத்தில் வால் மட்டும் இருந்தது. எதிர்வீட்டு டீச்சரம்மா மாடியில் துணி உலர்த்துவதை எடுத்தார். டீச்சரம்மா திரும்பிப் பார்த்து, "என்ன வேணும்?" என்று அதட்டினார். கேமரா கீழே இறங்கியது. தபால்காரரை நிற்கவைத்து, சிரிக்கவைத்து, தோளைத் திருப்பவைத்து எடுத்தார். முழு இருட்டு. மூடியைக் கழற்றவில்லை. நாலாம் நாள் கழுத்து ஒரு பக்கமாகவே திரும்பியது. நல்லவேளை, இடதுபக்கம்.

அன்று முடி வெட்டவும் சவரத்துக்கும் கிளம்பும்போது, ஃபிரிட்ஜ் மேல் வெள்ளி கிடந்தது. தோழர் சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரியின் ஆயுதத்தை அறியாதவன் போராளி ஆக முடியாது. இது வேவு, வெறும் வேவு. சட்டைப்பைக்குள் அது சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டது.

சலூனில் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்து ஒரே ஒரு அழுத்து. விழுந்த படத்தைப் பார்த்துத் தோழரே வாயைப் பிளந்தார். கன்னம் முழுக்க நுரையோடு அவர், பின்னால் கத்திரியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் சலூன்காரர், விளக்கொளியில் பளபளக்கும் பாட்டில்கள். எல்லாம் உயிரோடு இருந்தன.

மறுநாளும் வேவு. அதற்கு மறுநாளும். தையல்காரர் வாயில் ஊசியோடு, டீச்சரம்மா தன் வீட்டு வாசலில் குடையோடு, பூனை கொட்டாவியோடு. முழுக் கொட்டாவி.

"என்னங்க, சட்டைப்பை தொங்குதே?" என்றார் அம்மையார்.

"மூக்குக்கண்ணாடி."

"அது மூக்குல இருக்கே."

"இது... மாத்துக் கண்ணாடி."

"மாத்துக் கண்ணாடிக்கு மணிக்கட்டுல மாட்டற கயிறெல்லாம் வருதா இப்ப?"

தோழர் வெளியே தொங்கிய கயிற்றை உள்ளே தள்ளினார். "விழுந்துரக் கூடாதுன்னு."

"நல்லதுங்க. பத்திரமா வெச்சுக்கோங்க."

ஒவ்வொரு காலையும் வெள்ளி முழுச் சார்ஜோடு ஃபிரிட்ஜ் மேல் காத்திருந்தது. யார் ஏற்றியது என்று தோழர் யோசிக்கவில்லை. மின்சாரம் தானாகக் கிடைப்பது என்று நம்பும் வர்க்கத்தில் அவரும் சேர்ந்துவிட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடத்தில் சலூன்காரர், தையல்காரர், டீச்சரம்மா மூவரும் நடுவர்களாக அமர்ந்தார்கள். சோபாவில்தான். கடைக்கார மச்சான் ஒயரோடு வந்தார்.

"கேமராத் திரையிலயே காட்டிடலாமே" என்றார் தோழர்.

"வயசான கண்ணுங்க" என்றார் அம்மையார். "டிவியில போட்டா எல்லாருக்கும் தெரியும். நீங்க வேணாம்னா வேணாம்."

"போடு, போடு. மக்கள் தெளிவாப் பாக்கட்டும்."

அம்மையார் டீ போட உள்ளே போனார். மச்சான் டிவிக்குப் பின்னால் ஒயரோடு மல்லுக்கட்டினார். நடுவர்கள் பிஸ்கட்டில் கவனமாக இருந்தார்கள். தோழர் மேசைப் பக்கம் நகர்ந்தார். படங்கள் பதியும் மெமரி அட்டை இரண்டு கேமராவுக்கும் ஒரே மாதிரிதான், நகத்தளவு. கறுப்பின் அட்டை வெள்ளிக்குள் போயிற்று. வெள்ளியின் அட்டை கறுப்புக்குள் வந்தது.

சங்கத் தேர்தலில் வாக்குப்பெட்டியை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு காலத்தில் எட்டுப் பக்கத் துண்டறிக்கை எழுதிய கை அது. ஆனால் படம் எடுத்த உழைப்பு யாருடையது? அவருடையது. உழைப்பின் பலன் உழைத்தவனுக்கு. கை இரண்டு கேமராவின் மூடியையும் அழுத்தி மூடியது.

முதலில் கறுப்பு. பூனை திரை முழுக்கக் கொட்டாவி விட்டது. நடுவர்கள் கை தட்டினார்கள். ஊசியோடு தையல்காரர். "அட, என் மூஞ்சியா இது!" என்றார் அவர். நுரையோடு தோழர். சலூன்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

அடுத்து வெள்ளி. ஒரு வால். ஒரு கட்டைவிரல். பிறகு முழு இருட்டு.

"இது என்ன?" என்றார் டீச்சரம்மா.

"ராத்திரியா இருக்கும்" என்றார் தையல்காரர்.

"எனக்குப் படமே எடுக்கத் தெரியலங்க" என்றார் அம்மையார் அடக்கமாக.

பிஸ்கட் டின் வாக்குப்பெட்டி ஆனது. எண்ணிப் பார்த்தார்கள். வெள்ளிக்கு ஒரு வாக்குகூட இல்லை. தோழர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். நன்றியுரை உதட்டுக்கே வந்துவிட்டது.

"நீங்க சொன்னா சரிங்க" என்றார் அம்மையார். "கறுப்பையே வெச்சுக்கலாம். தம்பி, அந்தச் சலூன் படம் மட்டும் மனசுல நிக்குது. இன்னொரு தடவை போடேன். கொஞ்சம் பெருசா."

தம்பி போட்டார். பெரிதாக்கினார். பாட்டில்கள், கத்திரி, நுரை. நுரைக்குக் கீழே போர்வை. போர்வைக்கு வெளியே கண்ணாடியை நோக்கி நீண்ட தோழரின் கை. அந்தக் கையில் சோப்புக்கட்டி அளவில் ஒன்று, வெள்ளியாக மின்னிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் கயிறு.

கூடத்தில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது.

"தோழரே" என்றார் தையல்காரர் மெதுவாக, "கறுப்புல எடுத்த படத்துல, கையில எப்படி வெள்ளி?"

தோழர் சலூன்காரரைப் பார்த்தார். பழைய தோழமை. கைவிட மாட்டார்.

"அன்னிக்கே நான் கேட்டேன், கறுப்பு எங்கன்னு" என்றார் சலூன்காரர். "கழுத்து வலின்னீங்க. நான் எதுக்கு இப்ப பொய் சொல்லணும்?"

"மறுவாக்கெடுப்பு" என்றார் டீச்சரம்மா. வெள்ளிக்கு மூன்று கைகள் உயர்ந்தன. அம்மையார் கையை உயர்த்தவில்லை. தேவைப்படவில்லை.

"அப்ப நான் கறுப்ப எடுத்துட்டுக் கிளம்பறேன் மாமா" என்றார் மச்சான். "வெள்ளியத்தான் அக்கா அன்னிக்கே வாங்கிட்டாங்களே."

"என்னிக்கே?"

"ரெண்டையும் கொண்டாந்த அன்னிக்கே. உங்ககிட்ட சொல்ல வேணாம், அவரே எடுத்துப் பழகட்டும்னாங்க. பேத்தி வந்தா அவங்களால ஓடி ஓடி எடுக்க முடியாதாம். நீங்கதான் எடுக்கணுமாம்."

தோழர் பூனையைப் பார்த்தார். பூனை கொட்டாவி விட்டது. தோற்றவனுக்கும் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அது நடு இடமாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

"எல்லாரும் வாங்க" என்றார் கம்பீரமாக. "ஒரு குழுப் படம். நான் நடுவுல. தையல்காரரே, நீங்க எடுங்க."

நின்றார்கள். தையல்காரர் வெள்ளியைத் தூக்கிப் பிடித்தவர், இறக்கிவிட்டார். "மூஞ்சியச் சுத்தி மஞ்சக் கட்டம் வருதுங்க. கட்டத்து மேல என்னமோ எழுத்து வருது."

"பேருங்க அது" என்றார் மச்சான். "முகத்தப் பதிஞ்சு பேரு குடுத்துட்டா, அப்புறம் ஆளப் பாத்ததும் அதுவே காட்டும். வாங்கின அன்னிக்கே அக்கா ரெண்டு பேருக்கும் போட்டாங்க. அதுல தமிழ் எழுத்து இல்ல. இங்கிலீஷ் எழுத்துல தமிழத் தட்டினாங்க."

தோழருக்கு மார்பு விரிந்தது. தன் முகத்துக்கு ஒரு பெயர், அதுவும் மனைவி கையால். 'தலைவர்' என்று இருக்கும். போகட்டும், 'தோழர்' என்றாவது இருக்கும். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சத்தமாப் படிங்க!" என்றார். "எல்லாரும் கேக்கட்டும்!"

தையல்காரர் கேமராவைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்தார். "அம்மா தலைக்கு மேல... நி... நிர்வா... 'நிர்வாகம்'னு இருக்குங்க."

தோழர் திடுக்கிட்டுத் திரும்பினார். சலூன்காரர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு? எனக்கு என்ன?"

தையல்காரர் எழுத்தெழுத்தாகக் கூட்டினார். உதடுகள் அசைந்தன. ஒரு முறை தோழரை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு, சொன்னபடியே சத்தமாகப் படித்தார்.

"தற்காலிகம்."